கொரில்லாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது

உட்காருங்கள் மரகதம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இதில் உட்காருங்கள். பேனா கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவே பெரிய விஷயம். என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் எல்லாம் வெறுங்கையோடு வந்து, தலையாட்டிக் கேட்டுவிட்டு, லிஃப்டில் கீழே போவதற்குள் மறந்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு மார்ச்சில் பிரசவம், டொரண்டோ, நீங்கள் முதல் தடவையாக விமானம் ஏறுகிறீர்கள், என்னென்ன கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதானே? எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் லேகியம். வீட்டில் கிண்டாதீர்கள். கடையில் வாங்குங்கள், லேபிளோடு. நான் என் கையால் கிண்டி எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனேன். லண்டனில் கையுறை போட்ட ஒரு அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இது யாருக்கு என்றார். பிள்ளை பெற்றவளுக்கு என்றேன். பாவம் என்றார். அவளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

அப்புறம் சுக்கு, கருப்பட்டி, வசம்பு. பூண்டு அங்கே கிடைக்கும், ஆனால் வாசனையே இருக்காது. பழைய பருத்திப் புடவை நான்கு, நன்றாகத் துவைத்து மிருதுவானது. தூளி கட்டலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே கொக்கி மாட்ட விட்டம் கிடையாது. சும்மா துடைக்க, போர்த்த.

கையா? ஒன்றுமில்லை. தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெண் வீட்டிலிருந்து வந்ததிலிருந்தே இப்படித்தான். டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார், ஐம்பது தாண்டினால் வருமாம். நீங்கள் எழுதுங்கள்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், அதுவும் உங்கள் காதுக்கு வந்துவிட்டதா. இந்த பில்டிங்கில் வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள், சுகந்தியின் பெண் வெளிநாட்டில் குரங்கு மேய்க்கிறாள் என்று. குரங்கு இல்லை, கொரில்லா. வால் கிடையாது. என் பெண் தாரிணி முன்னால் குரங்கு என்று சொல்லிவிட்டால் நமக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. சரி, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். காபி ஆறிப்போகும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது ஊர் உலக வழக்கம், இல்லையா? ஏழாம் மாதமே சொன்னேன், வந்துவிடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. "வேலை இருக்கும்மா" என்றாள். வேலை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், அதன் பெயர் உங்கள் வாயில் நுழையாது, என் வாயில் நுழையும், கான்வென்ட் வாய். அந்த ஊர் மிருகக்காட்சிசாலையில் கொரில்லாக்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எட்டு வருடம் படித்தாள். எட்டு வருடம் படித்துவிட்டுக் காலையில் முதல் வேலையாகச் சாணி அள்ளுகிறாள். சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று கொஞ்ச நாள் கவலையாக இருந்தது. சம்பந்தி வீடே வெள்ளைக்காரர்கள் என்று ஆனபிறகு அந்தக் கவலை விட்டது.

மாப்பிள்ளை பெயர் டோபி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. குழந்தைக்குத் துணி மாற்றுவான், பாத்திரம் கழுவுவான். நான் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வந்து, உதவி செய்யட்டுமா என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஆறடி ஆள் ஒருவன் அடுப்படியில் நின்றால் வேலை எப்படி ஆகும்?

அவள் வராததால் நான் போனேன். இவர் வரவில்லை. நீ போய்ட்டு வா, வீட்டை நான் பாத்துக்கறேன் என்றார். வீட்டைப் பார்த்துக்கொண்ட லட்சணம், தினமும் போன் போட்டு ஊறுகாய் எந்த ஜாடியில் இருக்கிறது என்று கேட்டது.

போய்ச் சேர்ந்தேன். குழந்தை பிறந்தது, பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆதிரை என்று பெயர். டோபி வாயில் அது ஆட்டிரை. நான் எதையும் விட்டுவைக்கவில்லை மரகதம். பத்தியச் சமையல், வெந்நீர், சாம்பிராணி எல்லாம் என் கையால். எல்லாவற்றையும் நேரம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்தக் கதவில் ஏற்கெனவே ஏழு கொரில்லா போட்டோ. என் தாளுக்கு இடம் பண்ண ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினேன், தாரிணி பதறிவிட்டாள். "அது ஒட்டோம்மா, நடுவுலதான் இருக்கணும்" என்றாள்.

ஒட்டோதான் தலைவன். முதுகெல்லாம் நரைத்த ஆண் கொரில்லா, வெள்ளிமுதுகு என்பாள். இருநூறு கிலோ. நாள் முழுக்க என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? உட்கார்ந்திருக்கும். கீரைத்தண்டு தின்னும். அது எழுந்தால் எல்லாம் எழும், அது உட்கார்ந்தால் எல்லாம் உட்காரும். அது சாப்பிடப் போனால்தான் மற்றதும் போகும். இரண்டு பெண் கொரில்லாக்கள் சண்டை போட்டால் ஒரு இருமல் இருமும். சண்டை முடிந்தது. "அடிக்காது, கத்தாதும்மா. அது எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா போதும், அதுதான் தலைமை" என்றாள்.

நம்ம வீட்டிலும் நரைத்த முதுகு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அது இருமினால் ஒரு ஈ கூட நகர்வதில்லை என்றேன். நான் எழுந்தால்தான் காபி. நான் எழுந்தால்தான் விளக்கு. நான் கிளம்பினால்தான் எல்லோரும் கிளம்புவார்கள், நான் முகத்தைச் சுளித்தால் டி.வி. சத்தம் தானாகக் குறையும்.

தாரிணி என்னையே பார்த்தாள். "அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றாள். என்னத்தைச் சொன்னாளோ.

இன்னொன்றும் சொன்னாள். கொரில்லா தன் குட்டிக்கு ஒன்றையும் உட்காரவைத்துச் சொல்லித்தராதாம். காட்டில் சொறியும் இலை இருக்கும் அல்லவா, காஞ்சொறி மாதிரி, அதை முள் உள்ளே போகிற மாதிரி மடித்துத்தான் வாயில் போட வேண்டும். அம்மா மடித்துத் தின்னும். குட்டி மடியில் கிடந்து பார்க்கும். அம்மா வாயிலிருந்து சிந்துவதைப் பொறுக்கித் தின்னும். தானும் ஒரு இலையை எடுத்துத் தப்புத் தப்பாக மடிக்கும். மாதக்கணக்கில் தப்பாகவே மடிக்கும். "அம்மா ஒரு வார்த்தை திருத்தாதும்மா" என்றாள். நான் அப்போது அவள் பீன்ஸ் நறுக்குகிற விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிதாக நறுக்கினால் எப்படி வேகும்?

இப்போது நோராவுக்கு வருகிறேன். நோராதான் இந்தக் கதைக்கே காரணம்.

நோரா பிறந்த மூன்றாம் நாள் அதன் அம்மா செத்துப்போனது. மனிதர்கள்தான் வளர்த்தார்கள். சுத்தமான அறை, வேளைக்குப் புட்டிப்பால், வேளைக்குத் தூக்கம். பிறகுதான் கூட்டத்தில் விட்டார்கள். நல்ல கவனிப்பு, எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் அம்மா போனபோது எனக்கு நான்கு வயது. அப்பா என்னை ஏற்காட்டில் போர்டிங்கில் சேர்த்தார். சிஸ்டர் பெனிட்டா என்று ஒருவர், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் திரும்ப விரிக்கச் சொல்வார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு ஜெபம். அழுதால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதுவிட்டு வா என்பார். யாரும் தூக்கிவைத்துக் கொஞ்சவில்லை. அதனால் நான் என்ன குறைந்தா போனேன்? இன்றைக்கும் என் படுக்கையைப் பாருங்கள், ஒரு சுருக்கம் இருக்காது.

ஆனால் நோராவுக்கு இரண்டு வருடம் முன்னால் முதல் குட்டி பிறந்தபோது, அது குட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டதாம். யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்ததாம். தொடவில்லை. இவர்கள் குட்டியை எடுத்துவிட்டார்கள், எடுத்தும் பிழைக்கவில்லை.

"அதுக்கு யாரும் காட்டித் தரலம்மா" என்றாள் தாரிணி.

எல்லாவற்றுக்கும் யாராவது காட்டித் தந்துகொண்டே இருக்க வேண்டுமா என்றேன். எனக்கு யார் காட்டித் தந்தார்கள்? நீ பிறந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை. சவரியம்மாள் என்று ஒரு ஆயா வைத்தோம். டப்பாப் பால். ஆறு மணிக்குப் பால், எட்டு மணிக்குக் குளியல், பத்து மணிக்குத் தூக்கம், நான்தான் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு நாள் தவறியதில்லை. நீ வளரவில்லையா?

அவள் ஆதிரைக்கு ஏப்பம் எடுக்கத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் என்ன என்றால், நோரா மறுபடி மாசமாக இருந்தது. என் பெண்ணும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக. இவளுக்குத்தான் மூன்று வாரம் முன்னால் தேதி. "வேலை இருக்கும்மா" என்றாளே, அந்த வேலை இதுதான். ஊருக்கு வராததற்கு என்னென்னவோ காரணம் நினைத்து வருத்தப்பட்டேன், கடைசியில் ஒரு கொரில்லாவுக்காக. என்ன திட்டம் தெரியுமா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் குழந்தையோடு உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் நோரா அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். குட்டி பிறப்பதற்கு முன்பே பார்த்துப் பழக வேண்டும். வேறு சில ஊர்களிலும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களாம்.

பதினாறாம் நாள் கிளம்பினாள் மரகதம். பதினாறாம் நாள். பச்சை உடம்பு. நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது, காற்றுப் படக் கூடாது, குழந்தையை வெளியாள் பார்க்கக் கூடாது. வெளியாள் என்ன, வெளி மிருகம்.

"உனக்கு வெக்கமா இல்லையாடி?" என்றேன்.

"எதுக்கும்மா வெக்கம்? அதுவும் பொம்பளைதானே" என்றாள்.

நிறுத்த முடியவில்லை. சரி, போய்த் தொலை, நானும் வருகிறேன் என்றேன். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன், எட்டணா அளவு. டோபி அது என்ன என்றான். கொரில்லா கண் படாமல் இருக்க என்றேன். தலையாட்டினான். எதற்கும் தலையாட்டுவான்.

பின்பக்கமாக ஒரு அறை, பொதுமக்கள் வர மாட்டார்கள். ஒரு மர பெஞ்சு, எதிரே தரையிலிருந்து கூரைவரை தடிமனான கண்ணாடி. இவள் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். நான் ஃபிளாஸ்கில் பூண்டுப் பாலோடு ஓரமாக நிற்பேன். நோரா வரும். முதல் நிமிஷம் பார்க்கும். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு தரையைச் சுரண்டும். கடைசி பெஞ்சு மாணவி என்று பார்த்தாலே தெரிந்தது. தினமும் இதே கதை. இவள் அழகாகத்தான் பால் கொடுத்தாள், சொல்ல வேண்டும். குழந்தை ஒரு தடவை சிணுங்காது. எங்கே கற்றாளோ. பிரசவத்துக்கு முன் ஏதோ வகுப்புக்குப் போனார்களாம், புருஷன் பெண்டாட்டி இருவரும், பொம்மையை வைத்துக்கொண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா, எப்படித் தூக்குவது, எப்படிப் பிடிப்பது, ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். பெற்றவள் ஒருத்தி பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறேன், என்னிடம் கேட்டது ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பது மட்டும்.

இருபத்திநாலாம் நாள் காலையில் போன் வந்தது. நோராவுக்குக் குட்டி பிறந்துவிட்டது. ஓடினோம்.

கையில் எடுத்துத்தான் வைத்திருந்தது. அதுவே முன்னேற்றம் என்றார்கள். ஆனால் எப்படி? காலைப் பிடித்துக்கொண்டு, தலை கீழே. கடையில் வாங்கின கோழியைத் தூக்கிவருவோமே, அப்படி. குட்டி கத்தும். கத்தினால் கையை இன்னும் நீட்டித் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் வைக்கும், திரும்ப எடுக்கும், மறுபடி கால். பால் குடிக்கவே இல்லை. முதல் நாள் போனது, இரண்டாம் நாளும் போனது. ஹெலன் என்று இவளுடைய மேலதிகாரி, கட்டை மயிர், கறாரான பெண், எனக்குப் பிடித்துப்போயிற்று. நாளை மதியம் பன்னிரண்டு மணி வரை பார்ப்போம், அதற்குள் குடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுவோம், அதற்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை தாரிணி சமையலறைத் தொட்டி முன்னால் நின்று அழுதாள். எடுத்தால் என்ன, பிழைத்துக்கொள்ளும் அல்லவா என்றேன்.

"பொழைச்சுக்கும்மா. இந்தத் தடவை நல்லாவே பொழைச்சுக்கும். புட்டிப்பால்ல வளரும். அப்புறம் அதுக்கும் பிடிக்கத் தெரியாது. அதோட குட்டிக்கும் தெரியாது. எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்ல?"

கொரில்லாவுக்காக இப்படி அழுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, அழுதால் தலைவலி வரும் என்றேன். தலைவலி வரவில்லை, காய்ச்சல் வந்தது. ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு, காலையில் நூற்றிரண்டு. போகாதே என்று எத்தனை சொன்னேன். போனாள். டோபிக்கு அன்று பள்ளிக்கூடத்தில் பரீட்சை. நான்தான் கூடப் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். உடம்பு நடுங்குகிறது, பல் கிட்டுகிறது. நோரா அந்தப் பக்கம் சுவரோரம் குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குட்டியின் கத்தல் குறைந்துபோய் ஒரு கீச்சு மட்டும். ஒட்டோ சற்றுத் தள்ளி, நோராவுக்கும் மற்ற கொரில்லாக்களுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு. அன்றைக்கு ஒன்றையும் நோரா பக்கம் விடவில்லை அது. மணி பதினொன்று இருக்கும். தாரிணி எழுந்தாள், தடுமாறினாள்.

"அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் பிடி. நான் கீழே போட்டுடுவேன் போல இருக்கு."

பிடி என்றால்? மரகதம், ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இருபத்தாறு நாளாக அந்த வீட்டில் நான் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. சமையல், துணி, வெந்நீர், சாம்பிராணி. குளிப்பாட்டும்போதுகூட டோபி பிடித்துக்கொள்வான், நான் தண்ணீர் ஊற்றுவேன். தூக்கிவைத்துக்கொண்டு உட்கார நேரம் எங்கே? அதனால் அதுதான் முதல் தடவை. வாங்கினேன். இரண்டு கையையும் நீட்டி, தாம்பாளம் ஏந்துவது மாதிரி. குழந்தை வீறிட்டது பாருங்கள், கண்ணாடி அதிரும்போல இருந்தது. இன்னும் தள்ளிப் பிடித்தேன். தலை பின்னால் தொங்கியது.

அந்தக் கீச்சு நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், நோரா என்னைப் பார்க்கிறது.

தாரிணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மா, கழுத்துக்குக் கீழே கையைக் கொடு. இல்ல, அந்தக் கை இல்ல. ஆங். இப்போ கிட்டக் கொண்டுவா."

கிட்டத்தானே இருக்கிறது என்றேன்.

"இன்னும் கிட்டம்மா. உன்மேல படணும்."

புடவையில் பால் வாந்தி எடுக்கும் என்றேன்.

"எடுக்கட்டும்மா. இடது பக்கம் சாய்ச்சுக்கோ. நெஞ்சுச் சத்தம் அதுக்குக் கேக்கணும். கையை மடக்கு. இன்னும் மடக்கு. தலை உன் முழங்கை மடிப்புல வரணும். பயப்படாதே, அது உடையாது."

நான் ஏன் பயப்படுகிறேன்? அந்த அறையின் குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு தடவை தப்பாகப் பிடித்தேன், இரண்டு தடவையும் குழந்தை நழுவப் பார்த்தது, இரண்டு தடவையும் "பரவாயில்லம்மா, திரும்பப் பண்ணு" என்றாள். திட்டவே இல்லை. காய்ச்சல் குரலில் அவ்வளவு நிதானமாக அவள் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாம் தடவை பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கை மடிப்பில் தலையை வைத்து, நெஞ்சோடு சேர்த்தேன். குழந்தை ஒரு விக்கு விக்கியது. பிறகு அடங்கியது. சூடாக இருந்தது. அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, அசையாதே" என்றாள் தாரிணி, ரகசியமாக. "நிமிர்ந்து பாக்காதே. அப்படியே இரு."

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? ஓரக்கண்ணால் பார்த்தேன். நோரா கண்ணாடிக்கு மிக அருகில், என் முழங்காலுக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஆவி. குட்டியின் காலை விட்டுவிட்டு முதுகுக்குக் கீழே கை கொடுத்திருந்தது. தப்பான கை. குட்டி நழுவியது, பிடித்துக்கொண்டது. திரும்பக் கொடுத்தது. என் முழங்கையைப் பார்க்கும், தன் முழங்கையைப் பார்க்கும். குழந்தையின் கன்னத்துப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தன் குட்டியின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

பதினொன்றரைக்கு அவற்றுக்குச் சாப்பாடு. அந்தப் பக்கம் கதவு திறந்து மணி அடித்தார்கள். ஒட்டோ எழுந்தால் எல்லாம் போகும், நோராவும் போய்விடும், காரியம் கெட்டது. தாரிணி என் தோளைப் பிடித்தாள், அவள் நகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஒட்டோ கதவைப் பார்த்தது, நோராவைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. பசிக்கிற இருநூறு கிலோ, கண்ணெதிரே ஒரு கூடைக் கீரை, எழுந்திருக்கவில்லை. அதனால் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தன, ஏதோ பூசை நடக்கிற மாதிரி.

நோரா கையை மடக்கியது. இன்னும் மடக்கியது. குட்டியின் தலை முழங்கை மடிப்பில் வந்தது, இடது பக்கம். குட்டி வாயைத் திறந்து அங்கும் இங்கும் முட்டியது. பிறகு தேடிக்கொண்டது. மணி பதினொன்று ஐம்பது, நான் பார்த்தேன்.

குடிக்கிறது, குடிக்கிறது என்று ஹெலன் பின்னால் சொல்கிறாள், அழுகிறாள். அவ்வளவு கறாரான பெண். அப்புறம் என் கையைப் பிடித்து, நீங்கள் மட்டும் இல்லை என்றால் இது நடந்திருக்காது, உங்கள் பெண் செய்தபோது எல்லாம் அதற்கு ரொம்ப சுலபமாகத் தெரிந்திருக்கும், கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று விட்டிருக்கும் என்றாள். நான் என்ன சொல்ல? என் பெண் எட்டு வருடம் படித்துவிட்டுப் பத்து நாள் உட்கார்ந்து காட்டினாள், மசியவில்லை. நான் முக்கால் மணி நேரம். அனுபவம் வேறு, படிப்பு வேறு. இதைச் சொன்னதும் தாரிணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். காய்ச்சல் அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

இவரிடம் போனில் சொன்னேன், ஒரு கொரில்லாவுக்கே பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று.   "ஆதிரையைத் தூக்கினியா சுகந்தி?" என்று கேட்டார். நான் சொன்னதில் அதுதானா இவருக்கு முக்கியம்?

அவளுக்குக் காய்ச்சல் இறங்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் பால் குடிக்கிற நேரம் போகக் குழந்தை என்னிடம்தான். நாலரைக் கிலோ. டோபி சமைத்தான். பீன்ஸைப் பெரிது பெரிதாக நறுக்கினான், வேகவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே எழுந்துபோய்ச் சொல்வது? ஒரு நாள் தாரிணி படுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இப்படி இருந்தேனா உன் கையில?" என்று கேட்டாள். சவரியம்மாள் கையில் இருந்தாய், நன்றாகத்தான் இருந்தாய் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொல்லுங்கள். நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

அவளுக்கும் ஐந்து வயதில் நான் படித்த ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்திலேயே இடம் கிடைத்தது. சுலபமாகக் கிடைக்கிற இடம் இல்லை அது. கேட்டருகில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பட்டுப் புடவை, பெரிய சிஸ்டரைப் பார்க்கப் போகிறோமே என்று கட்டியிருந்தேன். கசங்கும் விடு என்றேன். உடனே விட்டாள். சொன்னால் கேட்கிற குழந்தை. இவர் ரயில் ஏறுகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது இது எதற்கு ஞாபகம் வந்தது என்றால், நான் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் தாரிணி குனிந்து, அவள் என்னைவிட உயரம், என் இடது தோளில் தலையை வைத்தாள். முப்பத்தொரு வயதுப் பெண், அத்தனை பேர் பார்க்க. எனக்கு வழக்கம் இல்லை. கசங்கும் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். "கழுத்துக்குக் கீழேம்மா" என்றாள். கிண்டல். அவளுக்கு எப்போதும் கிண்டல்தான்.

குட்டியா? நன்றாக இருக்கிறதாம். போன வாரம் வீடியோ அனுப்பினாள். நோரா அதைக் கீழேயே விடுவதில்லையாம், மற்ற கொரில்லாக்கள் கேட்டாலும் தருவதில்லையாம். ஒரேயடியாகத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் கெட்டுப்போகும் என்று பதில் போட்டேன்.

சரி, நேரம் ஆகிறது, இவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரே ஒரு யோசனை சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போய் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் எதையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நாம்தான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். என்னைப் பாருங்கள்.

மறுபடியும் கையையே பார்க்கிறீர்கள். சொன்னேனே, தோள். எண்ணெய் தடவுகிறேன், பயிற்சி செய்கிறேன், நீட்டினால் நீள்கிறது, வலிகூட இல்லை. சும்மா உட்கார்ந்தால்தான் தானாக மடங்கி இப்படி நெஞ்சருகில் வந்து நின்றுவிடுகிறது, இடது கை மட்டும். நேற்று டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் கேட்கிறார், கையில என்ன வெச்சிருக்க என்று.

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றும்தான் இல்லையே.

எழுதிவிட்டீர்களா? பருத்திப் புடவை நான்கு என்று சொன்னேன் அல்லவா. ஆறாகப் போட்டுக்கொள்ளுங்கள்.